அம்மா இன்னும் உள்ளேதான் இருக்கிறாள்

கல்லூரியை மூடிய அன்று அம்மா வெளியே வரவில்லை. வந்தாள், சாயங்காலம் எங்களோடு உட்கார்ந்து டீ குடித்தாள், என் தங்கை சின்னவளைத் தலை வாரவில்லை என்று திட்டினாள், எல்லாம் சரி. ஆனால் விடுதிச் சமையலறையின் பின்வாசலில் இருந்த மிஷினைப் பொறுத்தவரை அவள் வெளியே வரவில்லை. இப்படி நாலு வரியில் நான் சொல்லிவிட்டேன். எங்கள் மண்டையில் ஏறுவதற்குத்தான் மாதக்கணக்காயிற்று.

அம்மாவுக்கு வேலை அந்த விடுதிச் சமையலறையில். காலையில் முட்டை அவித்து, வரிசையில் வரும் தட்டுகளில் ஆளுக்கு இரண்டாக வைப்பாள். பிள்ளைகளுக்கு அவள் முட்டையக்கா. அதே கல்லூரியில் வணிகவியல் படித்த மகளான எனக்கு அதனால் விழுந்த பட்டப்பெயரைச் சொல்ல மாட்டேன், யூகித்துக்கொள்ளுங்கள். அந்தப் பெயரை நான் பொறுத்துப்போனதற்கு ஒரே காரணம் பாதிக் கட்டணம். அங்கே வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளுக்குக் கட்டணத்தில் பாதி தள்ளுபடி. வேலையில் இருக்கும்வரை மட்டும். அம்மாவின் சம்பளம் கைக்கும் வாய்க்குமே சரியாகிவிடும், எனவே அந்தப் பாதிதான் அவளுடைய நிஜமான சம்பளம். முழுசாகக் கட்டு என்றால் என் படிப்பு அன்றோடு நின்றுவிடும். இதில் எங்கள் வீட்டில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

மிஷின் விஷயம் இதுதான். வேலைக்கு வந்ததும் கழுத்தில் தொங்கும் அட்டையை அதில் தட்ட வேண்டும். பச்சை விளக்கு எரிந்து 'வருக' என்று எழுத்து ஓடும். போகும்போது இன்னொரு தட்டு, 'நாளை சந்திப்போம்' என்று ஓடும். வரும்போது தட்டிப் போகும்போது தட்டாவிட்டால் அன்றைய கூலி போச்சு. அப்பாவுக்கு அம்மா பயந்து நான் பார்த்ததில்லை, அந்த மிஷினுக்குப் பயந்திருக்கிறாள்.

நோய் பரவுகிறது, சாயங்காலத்துக்குள் விடுதியைக் காலிசெய்ய வேண்டும் என்று மதியம் அறிவிப்பு வந்தது. படிக்கட்டு முழுக்கப் பெட்டி, வாளி, சுருட்டிய மெத்தை. யாரும் யாரையும் கேட்கவில்லை, எல்லோரும் போனில் கத்திக்கொண்டிருந்தார்கள். சமையலறை ஆட்களையும் தட்டிவிட்டுக் கிளம்பச் சொல்லிவிட்டார்கள். நான் அம்மாவைத் தேடிப் போனபோது அவள் பெரிய அண்டாவில் முட்டையை அடுப்பில் ஏற்றிவிட்டு நின்றாள்.

பாத்திரம் கழுவுகிற அக்கா மிஷின் வரிசையிலிருந்து கூப்பிட்டாள். அவளுடைய மகன் என் வகுப்பு, அவனுக்கும் பாதிக் கட்டணம்தான்.

"வாக்கா, தட்டிட்டுப் போயிடலாம். உனக்கும் சேர்த்து இடம் புடிச்சு வச்சிருக்கேன்."

"முட்டை பாதிதான்டி வெந்திருக்கு. அப்படியே போட்டுட்டு எப்படி வர்றது? பஸ்ல போற புள்ளைங்க, வழியில கடை தொறந்திருக்கோ என்னமோ. நீ போ."

அவள் போய்விட்டாள். முட்டை வெந்ததும் அம்மாவும் நானும் அதைக் கூடைகளில் போட்டு வாசலுக்குத் தூக்கிப் போனோம். பெட்டியோடு கிளம்புகிற ஒவ்வொரு பிள்ளை கையிலும் காகிதத்தில் சுற்றித் திணித்தோம். ஒருத்தி அழுதுகொண்டே வாங்கினாள், ஒருத்தன் "உப்பு இருக்கா அக்கா" என்றான். கூடை காலியாகித் திரும்பினால் சமையலறைக் கதவு பூட்டிக் கிடக்கிறது, உள்ளே கரண்டையும் அணைத்துவிட்டார்கள். காவலாளி எங்களை முன்வாசல் வழியாக விரட்டாத குறையாக அனுப்பினார்.

"தட்டலியே," என்றாள் அம்மா, தெருமுனை வந்ததும்.

"ஒரு நாள் கூலிதானேம்மா, விடு."

அவள் விடவில்லை.

கல்லூரி வாசலுக்கு எதிரே அப்பாவின் ஜெராக்ஸ் கடை. பிள்ளைகளின் நோட்ஸ், விண்ணப்பம், பரீட்சைக்கு முந்தின நாள் நாலு பக்கத்தை ஒரு பக்கமாகச் சுருக்குகிற திருட்டு வேலை, இதுதான் அவருடைய பிழைப்பு. கல்லூரி போனதும் அதுவும் போனது. ஈ ஓட்டுவதற்குக்கூடக் கடையைத் திறக்க வேண்டும், அதற்கும் அனுமதி இல்லை. ஓட்டாமல் வைத்தால் ஜெராக்ஸ் மிஷின் உள்ளே மை கட்டிக்கொள்ளும் என்று தினமும் பின்கதவு வழியாகப் போய் ஒரே ஒரு பக்கம் எடுத்துவிட்டு வருவார். கண்ணாடிமேல் எவனோ விட்டுப்போன தேர்வு அட்டவணை கிடந்தது, அதையே எடுத்தார். நடக்காத தேர்வுக்கு எங்கள் வீட்டில் கத்தை கத்தையாக அட்டவணை சேர்ந்தது. பின்பக்கத்தில் சின்னவள் கணக்குப் போட்டாள்.

கல்லூரியிலிருந்து செய்தி வந்தபடி இருந்தது. திங்கட்கிழமை திறக்கும். திங்கட்கிழமை திறக்காது. முந்தைய செய்தியைப் பொருட்படுத்த வேண்டாம். எந்த முந்தைய செய்தி என்று யாருக்கும் தெரியவில்லை. பிறகு வகுப்பு போனில் நடக்கும் என்றார்கள். வீட்டில் நல்ல போன் ஒன்றுதான். எனக்குப் பற்று வரவு நடக்கிற நேரத்தில் சின்னவளுக்குப் பள்ளியில் ஒளிச்சேர்க்கை நடக்கும். ஆளுக்குப் பாதி நேரம் என்று பிரித்துக்கொண்டதில் அவளுக்குச் செடி பாதியில் நின்றது, எனக்கு ஐந்தொகைக் கணக்கு ஒருநாளும் சமப்படவில்லை. ஆசிரியர் "கேக்குதா, கேக்குதா" என்று கேட்பது மட்டும் தெளிவாகக் கேட்டது.

அடுத்த ஆண்டுக்கான கட்டணத்தில் எதுவும் குறையாது, நூலகம், விளையாட்டு, மின்சாரம் எல்லாம் வழக்கம்போல் என்று ஒரு செய்தி வந்தபோது அப்பா அதை வாங்கிப் படித்தார்.

"படிக்கிறது நம்ம வீட்டு கரண்ட்ல. கட்டுறது அவங்க வீட்டு கரண்டுக்கா?"

சிரித்தோம். சிரித்து முடித்ததும் என்ன செய்வது என்று தெரியவில்லை.

அம்மாவுக்குச் சம்பளம் வரவில்லை. சமையலறை மேலாளரைக் கூப்பிட்டுக் கேட்டாள். அவர் சொன்ன பதிலை அம்மா எங்களுக்கு அப்படியே சொன்னாள், பலதடவை சொன்னாள், சொல்லிச் சொல்லியாவது புரிந்துவிடாதா என்று.

"வேலைய விட்டு யாரையும் எடுக்கலியாம். வேலை இல்லை, அவ்ளோதானாம்."

"அப்ப வேலையில இருக்கியா, இல்லியா?" என்றார் அப்பா.

"அதத்தான் கேட்டேன். பொறுத்திரும்மான்னு வச்சிட்டார்."

பொறுத்திருந்தால் அடுப்பு எரியுமா? அம்மா ஒரு கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தாள். என்ன வேலை என்கிறீர்கள், பண்ணையிலிருந்து வரும் முட்டைகளை அட்டைத் தட்டில் அடுக்கும் வேலை. வேகாத முட்டை, அது ஒன்றுதான் வித்தியாசம். ஆனால் அக்கம்பக்கத்தில் யாரிடமும் மூச்சு விடவில்லை. வேறு இடத்தில் வேலை பார்ப்பது கல்லூரிக்குத் தெரிந்தால் பெயரை வெட்டிவிடுவார்களோ என்று பயம். அதைவிடப் பெரிய பயம் அந்தத் தட்டாத தட்டு.

"பொறுப்பில்லாம போயிட்டான்னு எழுதிடுவாங்க. அதையே சாக்கா வச்சு உன் பாதியில கைவைப்பாங்க, பாத்துக்கோ."

கிடங்குக்குப் போகும் வழியில் கல்லூரி வாசலில் நின்று காவலாளியிடம் கெஞ்சுவாள். "தம்பி, உள்ள போயி ஒரே ஒரு தட்டு தட்டிட்டு வந்துடறேன்." அவர், "மிஷினுக்கே கரண்ட் இல்லக்கா, நீங்க வேற" என்பார். மறுநாளும் கேட்பாள். தாங்க முடியாமல் நானே அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுதினேன். கல்லூரி மூடிய அன்று என் தாயார் வெளியேறியதைப் பதிவுசெய்ய இயலவில்லை, தயவுகூர்ந்து பதிவுசெய்ய அனுமதிக்கவும். நல்ல நடையில், பிழை இல்லாமல் எழுதினேன். 'உங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்தது. மறுபடி எழுதினேன், அதே பதில். கிணற்றில் போட்ட கல்தான். ஆனாலும் அம்மாவின் மனசுக்காக எழுதிக்கொண்டே இருந்தேன். அவளைக் காப்பாற்றுவதாக நினைப்பு எனக்கு.

கடைசி ஆண்டுக்கான முதல் தவணை அறிவிப்பு வந்தது. பாதிக் கட்டணம். அம்மா போனை நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். அன்றே பாத்திரக்கார அக்கா மகன் என்னைக் கூப்பிட்டான்.

"உனக்கு எவ்ளோ வந்திருக்கு?"

"பாதி."



"எனக்கு முழுசா வந்திருக்கு. எங்கம்மாவை மூடுன அன்னைக்கு சாயங்காலமே வேலையிலேர்ந்து விடுவிச்சாச்சாம். ஆபீஸ்ல இப்பதான் சொல்றாங்க. சமையக்கட்டு ஆளுங்க எல்லாரையுமே அப்படித்தானாம்."

"எங்கம்மாவும் அதே சமையக்கட்டுதானேடா."

"அதான் நானும் கேக்குறேன்."

அவனுக்கு என்மேல் சந்தேகம் வந்துவிட்டது என்பது புரிந்தது. யாரையோ பிடித்து, எதையோ கொடுத்து நாங்கள் காரியம் சாதித்துவிட்டதாக நினைத்திருப்பான். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

வீட்டில் ஆளுக்கொரு பக்கம் இழுத்தோம். "போய்க் கேட்டுடலாம்," என்றாள் அம்மா. "நாளைக்கு தப்பா வந்துடுச்சு, மிச்சத்தையும் கட்டுன்னா எங்க போறது?"

"அவங்க தப்பை நம்ம ஏன் திருத்தணும்?" என்றார் அப்பா. "வாயை மூடிக்கிட்டு கட்டுங்க."

அந்தப் பாதியைக் கட்டவே அவர் கடையில் புத்தகம் தைக்கிற மிஷினை விற்றார். பாத்திரக்கார அக்கா மகன் கட்டவில்லை. வீடு வீடாகப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலைக்குப் போனான். வகுப்பில் பேர் கூப்பிடும்போது அவன் பெயருக்கு யாரும் பதில் சொல்லவில்லை. சில நாள் கழித்து அந்தப் பெயரைக் கூப்பிடுவதும் நின்றது.

இரண்டாம் தவணை நெருங்கும்போது மின்னஞ்சல் வந்தது. 'உங்கள் கோரிக்கை ஏற்கப்பட்டது. தங்கள் தாயார் அடையாள அட்டையுடன் நேரில் வந்து வெளியேற்றத்தைப் பதிவுசெய்யலாம்.' அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. நல்ல புடவை கட்டிக்கொண்டாள். அட்டையை ஈரத்துணியால் துடைத்தாள்.

கல்லூரி ஆளரவம் இல்லாமல் கிடந்தது. சமையலறை மிஷினைக் கழற்றி அலுவலக வராந்தாவில் மாட்டியிருந்தார்கள். எங்களுக்காகவே ஒரு எழுத்தர் வந்து அதற்கு உயிர் கொடுத்தார். முகக்கவசத்துக்குமேல் தெரிந்த கண்ணில் தூக்கம் இருந்தது. கணினியைப் பார்த்துவிட்டு எங்களைப் பார்த்தார்.

"இவங்கதானா அது? நம்ம கணக்குப்படி இந்த வளாகத்துல இருக்கிற ஒரே ஆள் நீங்கதாம்மா. மூடுன அன்னைலேர்ந்து உள்ளேயே இருக்கீங்க."

அம்மா திருதிருவென்று விழித்தாள். "நான் வீட்லதானே சார் இருக்கேன்."

"அது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். இதுக்குத் தெரியாதே. சரி, தட்டுங்க. தட்டுனதும் விடுவிப்பு தானா விழுந்துடும், நீங்க கிளம்பலாம்."

"என்ன விழும்?" என்றேன்.

"விடுவிப்பு. வேலையிலேர்ந்து. அன்னைக்கு வெளிய தட்டுன எல்லாருக்கும் அப்படித்தான் போட்டு வச்சிருந்தாங்க. உங்கம்மா ஒருத்தங்களுக்குத்தான் விழல. உள்ள இருக்கிற ஆளை விடுவிக்க இதுல வழி கிடையாது."

அம்மாவின் கை மிஷினை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. இத்தனை மாதம் அவள் ஏங்கிய தட்டு. நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். எவ்வளவு அழுத்திப் பிடித்தேனோ, அவள் "ஸ்ஸ்" என்றாள்.

"தட்டாதம்மா."

"ஏன்டி? இதுக்குத்தானே வந்தோம்."

"தட்டாத. சொன்னா கேளு." பிறகு எழுத்தரிடம், "சார், அந்தக் கோரிக்கைய நான் திரும்ப வாங்கிக்கிறேன்" என்றேன்.

"எழுதி எழுதி உசுரை வாங்கினது நீதானேம்மா?"

"நான்தான் சார்."

"காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. என்ன போடட்டும்?"

எனக்கு ஒன்றும் வரவில்லை. வணிகவியல் படித்து என்ன புண்ணியம். அம்மா எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். அவளுக்கு எவ்வளவு புரிந்தது என்று தெரியவில்லை, ஆனால் அவள்தான் பதில் சொன்னாள்.

"வேலை இன்னும் முடியலன்னு போடுங்க சார்."

எழுத்தர் கண்ணைக் கசக்கிக்கொண்டார். பிறகு அதையே தட்டச்சு செய்தார். "எனக்கென்ன, ஒரு வேலை கம்மி," என்றார்.

கிளம்பும்போது அம்மா திரும்பி நின்றாள். "சார், பாத்திரம் கழுவுற பொண்ணு ஒருத்தி. அன்னைக்கு என்னோடதான் இருந்தா. அவ பையன் படிப்பு நின்னுபோச்சு. அவளுக்கும் இதே மாதிரி எதாவது..."

அவர் பெயரைத் தேடிப் பார்த்தார்.

"அவங்க ஒழுங்கா தட்டிட்டுப் போயிட்டாங்களேம்மா. இதுல தப்பே இல்லையே. தப்பு இருந்தாத்தானே திருத்த முடியும்?"

வெளியே வந்து மதிலோரமாக அம்மா உட்கார்ந்துவிட்டாள். நல்ல புடவை என்றுகூடப் பார்க்கவில்லை. நான் நடந்ததை முதலிலிருந்து விளக்கினேன். அவள் கேட்ட மாதிரியே தெரியவில்லை.

"எனக்கும் சேர்த்து இடம் புடிச்சு வச்சிருந்தா," என்றாள். அழுதாள்.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. எழுத்தர்மேல் கோபப்பட முடியாது. மிஷின்மேல் கோபப்பட்டால் பைத்தியம் என்பார்கள். வரிசையில் நின்று, முறைப்படி தட்டி, 'நாளை சந்திப்போம்' என்று வாசித்துவிட்டுப் போனவர்கள் எல்லோரும் வெளியே. முட்டை வீணாகக் கூடாது என்று நின்றவள் மட்டும் உள்ளே. இதை நியாயம் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை, அநியாயம் என்று சொல்லி அந்தப் பாதியைத் திருப்பிக் கொடுக்கவும் மனசு வரவில்லை. இரண்டாம் தவணையும் பாதிதான் வந்தது. கட்டினோம்.

பாத்திரக்கார அக்காவிடம் அம்மாவே நேரில் போய் எல்லாவற்றையும் சொன்னாள். கிடங்கிலிருந்து ஒரு தட்டு முட்டை வாங்கிப் போயிருந்தாள். அக்கா முழுசாகக் கேட்டுக்கொண்டாளாம். கடைசியில், "நான் இன்னும் ரெண்டு வார்த்தை உன்கிட்ட பேசிட்டு நின்னிருக்கலாம்" என்றாளாம். முட்டையை வாங்கிக்கொண்டாளா என்று அம்மா சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

என் கடைசித் தேர்வையும் போனில்தான் எழுதினேன், சின்னவள் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருக்க. கல்லூரி பிறகு மெல்லத் திறந்தது. விடுதிச் சமையலறையை ஒரு குத்தகைக்காரர் எடுத்துக்கொண்டார், ஆட்கள் எல்லாம் புதுசு. அப்பாவின் கடைக்கு நாலு பிள்ளைகள் வர ஆரம்பித்தார்கள். நடக்காத தேர்வின் அட்டவணையைக் கண்ணாடியிலிருந்து அவர் எடுத்தார், ஆனால் எறியவில்லை.

சான்றிதழ் வாங்கப் போனபோது அம்மாவும் கூட வந்தாள். கழுத்தில் அட்டை. இனிமேல் பயமில்லை, இன்றைக்குத் தட்டி முடித்துவிடலாம் என்று வீட்டிலேயே பேசி வைத்திருந்தோம். சான்றிதழைக் கையில் வாங்கி நான் வராந்தாவுக்கு வந்தபோது, புதுச் சமையலறைப் பெண்கள் வேலை முடிந்து மிஷினில் தட்டிக்கொண்டிருந்தார்கள். பச்சை விளக்கு, நாளை சந்திப்போம். பச்சை விளக்கு, நாளை சந்திப்போம். அம்மா வரிசையின் கடைசியில் நின்றாள். அவள் முறை வந்தது. அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றினாள். சான்றிதழை வாங்கி, மேலும் கீழும் தடவிப் பார்த்தாள், என்னிடமே கொடுத்தாள். பிறகு அட்டையைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"என்னம்மா?"

"சின்னவ அடுத்த வருஷம் பள்ளிக்கூடம் முடிக்கிறாளே."

நான் வாய் திறப்பதற்குள் நடக்க ஆரம்பித்துவிட்டாள். வாசலில் அதே காவலாளி. அவருக்கு அம்மாவின் பழைய கெஞ்சலெல்லாம் நினைவிருந்தது.

"என்னக்கா, ஒருவழியா தட்டியாச்சா?"

"இல்ல தம்பி. உள்ள இன்னும் கொஞ்சம் வேலை இருக்கு," என்று சொல்லிவிட்டு அம்மா வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கினாள்.